வேலியும் பதிவேடும்: கிண்டி முதல் முதுமலை வரை

(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு ஐயாவின் நினைவு உரையில் தேசியப் பூங்காக்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் ஒருவர் சிரித்தார். "கோவில்பதாகையில் ஏதுங்க காடு? ஏரியே பாதியாகிப் போச்சு" என்றார். நியாயமான கேள்விதான். ஆவடிப் பக்கம் நமக்குத் தெரிந்த வேலிகள் எல்லாம் வேறு வகை. தொழிற்சாலை வேலி, ராணுவ வளாக வேலி, ரயில்வே வேலி. ஆனால் எனக்குக் காடு என்பது ஒரு வேலியிலிருந்துதான் தொடங்கியது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பாட்டி விறகை விலைக்கு வாங்கியதாக எனக்கு நினைவில்லை. ஊருக்குப் பக்கத்தில் ஓர் அரசு வளாகம் இருந்தது. முள்கம்பி வேலி, உள்ளே கருவேலமும் வேம்பும். காய்ந்து விழுந்த சுள்ளியைப் பொறுக்கக் கருக்கலிலேயே நாலைந்து பெண்களாகப் போவார்கள். ஒருநாள் பாட்டி வெறுங்கையோடு திரும்பி வந்தார். சும்மாட்டுத் துணியும் கயிறும் அரிவாளும் காவலாளியிடம் போய்விட்டன. "சர்க்காரு இடமாம்" என்றார், அவ்வளவுதான். சில வருடம் கழித்து அதே மரங்கள் ஏலம் போய் லாரியில் ஏறுவதை நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தேன். பாட்டியிடம் சொன்னேன். "ஏலத்துல எடுத்தவன் பேரு நோட்டுல இருக்கும். நம்ம பேரு இல்லையே" என்றார். சமூகவியல் முதுகலை முடித்து, காட்டுச் சட்டங்களைப் பற்றிக் கட்டுக்கட்டாகப் படித்த பிறகும், அந்த வாக்கியத்தைத் தாண்டி நான் அதிக தூரம் போய்விட்டதாகத் தோன்றவில்லை. ஒரு காட்டைக் காக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்கும்போது, அந்தக் காட்டின் நோட்டில் யார் பெயர் ஏறியது, யார் பெயர் ஏறவில்லை என்றும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் தேசியப் பூங்கா கிண்டி. ஆவடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பள்ளிச் சுற்றுலாவில் மான் பார்க்கப் போயிருப்பீர்கள். ஒரு பெருநகரத்தின் நடுவில், 2.7 சதுர கிலோமீட்டரில், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்றாக அது இருக்கிறது. வறண்ட பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரையில் ஒருகாலத்தில் பரவிக் கிடந்து இன்று துண்டுதுண்டாக எஞ்சியிருக்கும் காட்டு வகை அது. அதில் புள்ளிமானும் வெளிமானும் நரியும் இருக்கின்றன. அது காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப் பேசுகிறவர்களைக் 'காட்டுக்கு எதிரி' என்று முத்திரை குத்துவது நம் பத்திரிகைகளுக்கு எளிதாகிவிட்டது.

அந்தக் காடு அரசின் கைக்கு வந்த கதையைப் பார்ப்போம். 1670களில் சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன் கிண்டிக் காட்டில் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டமும் மாளிகையும் அமைத்தார். மீதிக் காடு கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்ற பிரிட்டிஷ்காரரின் சொத்தாக இருந்தது. 1821இல் அரசு அதை 35,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. ஒரு தனிமனிதர் காட்டுக்கு உடைமையாளராக எழுதப்படுகிறார், அரசு அவரிடமிருந்து வாங்குகிறது, பத்திரம் பதிவாகிறது. அந்தக் காட்டோரத்தில் வேளச்சேரியிலும் கோட்டூரிலும் மாடு மேய்த்தவர்கள், சுள்ளி பொறுக்கியவர்கள், ஏரித்தண்ணீரைப் பாய்ச்சிப் பிறருடைய நிலத்தில் நாற்று நட்டவர்கள் இந்த விற்பனையில் எந்தத் தரப்பும் இல்லை. விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை, சாட்சியும் இல்லை.

1910இல் 505 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. சுதந்திரம் வந்தது. இதற்குப் பின்பு நடந்ததுதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. 1956இல் காந்தி மண்டபம். 1958இல் ஒரு பெரும்பகுதி ஒன்றியக் கல்வித்துறைக்குப் போனது. மறு ஆண்டு அங்கே ஐ.ஐ.டி. தொடங்கியது. அதே 1958இல், பிரதமர் நேருவின் விருப்பத்தின் பேரில், இன்னொரு பகுதி மான் பூங்காவுக்கும் சிறுவர் பூங்காவுக்குமாக வனத்துறைக்குத் தரப்பட்டது. 1961க்கும் 1977க்கும் இடையில் சுமார் 172 ஹெக்டேர், கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் என்று பல அரசுத் துறைகளுக்குப் பிரித்துத் தரப்பட்டது. 1970களின் நடுவில் ராஜாஜிக்கும் காமராசருக்கும் நினைவாலயங்கள் எழுந்தன. இப்படி வெட்டி வெட்டி எடுத்த பிறகு, எஞ்சியதை 1978இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 505இல் எஞ்சியது ஏறத்தாழ 270 ஹெக்டேர். 1980களின் பிற்பகுதியில் ஆளுநர் மாளிகைப் பக்கமும் ஐ.ஐ.டி. பக்கமும் சுவர் எழுந்தது.

பூட்டு போட்ட வரிசையைக் கவனியுங்கள். வேண்டியவர்களுக்கெல்லாம் பங்கு போட்டு முடித்த பிறகுதான் பூட்டு வந்தது. பூட்டு வந்த பிறகு ஒரு கட்டு சுள்ளிக்குக்கூட அனுமதி இல்லை. இந்தப் பங்கீட்டில் ஊழல் நடந்தது என்று நான் சொல்லவில்லை. எல்லாம் முறையான அரசாணைகள். பிரச்சினையே அதுதான். ஆணை போடுகிற கையும் பெற்றுக்கொள்கிற கையும் ஒரே வட்டத்தில் இருந்தன.

இங்கே நமக்கே சங்கடமான ஒரு விஷயத்தையும் பேசியாக வேண்டும். அந்தக் காந்தி மண்டப வளாகத்தில்தான் நம் இரட்டைமலை சீனிவாசன் மணிமண்டபமும் இருக்கிறது. அவர் பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் நாம் மாலையோடு போய் நிற்கும் தரை, கிண்டிக் காட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட தரை. இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கலாம். மற்ற தலைவர்களுக்கெல்லாம் அங்கே இடம் இருக்கும்போது நம் தாத்தாவுக்கு மட்டும் கூடாதா என்று கேட்கலாம். கூடும், கட்டாயம் கூடும். நான் சொல்ல வருவது வேறு. மண்டபமாக நமக்கு அங்கே இடம் கிடைத்தது. உரிமைக்காரராக ஒருபோதும் கிடைக்கவில்லை. 1924இல் சென்னைச் சட்டசபையில் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுக் கட்டடம் எல்லாம் எல்லா வகுப்பாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற தீர்மானம் வந்ததே, அதற்காக நின்ற தலைவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பட்டியலில் காடு இல்லை. மேய்ச்சல் நிலமும் இல்லை. சாலையில் நடக்கவே அடி வாங்கிய காலத்தில் அதை எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் நூறு வருடம் கழித்தும் நாம் அந்தப் பட்டியலை நீட்டவில்லை என்பதுதான் நம் தலைமுறையின் குறை.

காடு ஏன் அந்தப் பட்டியலுக்கு வரவில்லை என்று தேடிப் போனால், வரலாற்றில் இன்னும் ஐம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். சுற்றுச்சூழல் வரலாறு எழுதுகிறவர்கள் மிகவும் விரும்பிச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஒரே காட்டுச் சட்டம் கொண்டுவர கல்கத்தா முயன்றபோது, சென்னை வருவாய் வாரியம் 1871இல் எதிர்த்தது. இந்த மாகாணத்தில் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடே அபூர்வம், கிராமத்தாருக்குத் தொன்றுதொட்டு உரிமை உண்டு, காடு முழுவதும் அரசுக்கே சொந்தம் என்று சொல்ல முடியாது என்பது வாரியத்தின் வாதம். அதனால்தான் 1878ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுச் சட்டம் இங்கே உடனே வரவில்லை. 1882இல் சென்னைக்கென்று தனிச் சட்டம் வந்தது. இதைப் படித்தபோது மாணவப் பருவத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. நம் மாகாணம் மக்கள் பக்கம் நின்றிருக்கிறதே என்று நினைத்தேன்.

பிறகுதான் டிரெமென்ஹீரைப் படித்தேன். 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்து அவர் எழுதிய பறையர் குறித்த அறிக்கை. அன்றைய செங்கற்பட்டு மாவட்டம் என்றால் நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் ஊரும் அதற்குள்தான். அந்த அறிக்கை மிகத் தெளிவாகக் காட்டும் ஒன்று, கிராமத்தின் தரிசு நிலத்துக்கு யார் மனுப் போட முடியும் என்பது. தர்க்காஸ்து விதியில் முதல் உரிமை மிராசுதாருக்கு. பறையர் ஒருவர் தரிசைக் கேட்டு மனுப் போட்டால், மிராசுதார் உடனே எதிர்மனு போட்டு அதைத் தானே எடுத்துக்கொள்ளலாம். உழ அல்ல, மற்றவன் உழாமலிருக்க. ஆள் சொந்த நிலம் வைத்துக்கொண்டால் படியாளாக வர மாட்டானே! இதைக் கண்டித்து அவர் எழுதியதன் தொடர்ச்சியாகத்தான் 1892 அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் வழக்காடிக் கொண்டிருப்பதன் வேர் அதுதான்.

இப்போது 1871ஐயும் 1891ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'காடு கிராமத்துக்குச் சொந்தம்' என்று வருவாய் வாரியம் சொன்னபோது அந்தக் கிராமம் யார்? ஊரா, சேரியா? தரிசில் ஒரு காணி கேட்டாலே எதிர்மனு வந்த கிராமத்தில், பொதுக்காட்டில் நமக்கு எவ்வளவு பங்கு இருந்திருக்கும்? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமக் குடியரசு என்ற கனவைக் கடுமையாகத் தாக்கிப் பேசினாரே, அந்தக் கோபத்தைக் காட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். 'பழைய காலத்தில் காடு மக்களிடம் இருந்தது, அரசு பிடுங்கிக்கொண்டது' என்ற கதை ஆதிவாசிகளுக்கு உண்மை. மலைகளில் முழுக்க உண்மை. சமவெளிச் சேரிக்கு அது பாதி உண்மைதான். நம்மிடமிருந்து பிடுங்க அங்கே அதிகம் விட்டுவைக்கப்படவில்லை. சுள்ளி, மேய்ச்சல், கீரை, தேன், செத்த மாட்டின் தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை என்று ஓரத்தில் கிடைத்ததைத்தான் எடுத்தோம். அதுவும் அனுமதியின் பேரில். அரசு வந்து வேலி போட்டபோது அந்த ஓரமும் போனது. மிராசுதாருக்குப் பட்டா நிலம் மிஞ்சியது.

ஆகவே காட்டை 'மக்களிடமே கொடுங்கள்' என்று கோஷம் போடும் கூட்டத்தில் நிற்கும்போது, அந்த மக்கள் சபையில் காலனிக்கு நாற்காலி உண்டா என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

இனி, இன்றைய சட்டம். மாணவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது காடும் வன உயிரும் மாநிலப் பட்டியலில் இருந்தன. அதனால் சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் நாடாளுமன்றம் அதை இயற்றியது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் இரண்டையும் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. பூங்காவை அறிவிப்பது மாநில அரசு. அதை நிர்வகிக்கும் முழுப் பொறுப்பு தலைமை வன உயிரினக் காப்பாளர் என்ற ஒரே அதிகாரியிடம். எல்லையை மாற்ற வேண்டுமானால் 2002 திருத்தத்துக்குப் பிறகு தேசிய வாரியத்தின் பரிந்துரை வேண்டும். கிண்டியை இனி எந்த அரசும் நினைத்தபடி வெட்டிக் கொடுக்க முடியாது என்பது இந்த ஏற்பாட்டால் வந்த நன்மை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் என்ன வித்தியாசம்? பெயர்ப்பலகையில் தெரியாது. சட்டத்தில் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. சரணாலயம் அறிவிக்கும்போது ஆட்சியர் உரிமைகளை விசாரிப்பார். 24ஆம் பிரிவில் அவருக்கு மூன்று வழி. உரிமை கேட்பவரின் நிலத்தை எல்லையிலிருந்து விலக்கலாம். நிலத்தையோ உரிமையையோ எடுத்துக்கொண்டு ஈடு தரலாம். இல்லையேல், காப்பாளரைக் கலந்து, அந்த உரிமை உள்ளேயே தொடர அனுமதிக்கலாம். தேசியப் பூங்காவுக்கான 35ஆம் பிரிவு இதே விசாரணை முறையைத்தான் பின்பற்றச் சொல்கிறது, ஆனால் அந்த மூன்றாவது வழி மட்டும் நீங்கலாக. அவ்வளவுதான். மனிதர் உள்ளேயே தொடரலாம் என்ற ஒற்றை வழியை எடுத்துவிட்டால் அது தேசியப் பூங்கா. எல்லா உரிமையும் அரசின்வசம் வந்து சேர்ந்த பிறகே இறுதி அறிவிக்கை வர வேண்டும். கால்நடை நுழையவே கூடாது.

இந்த விசாரணைக்கு அறிவிப்பு வெளியிட்டு, அந்த வட்டார மொழியில் ஊர்தோறும் ஒட்டி, உரிமை உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். எழுத்தில். சுள்ளி பொறுக்கும் உரிமையை எந்தப் பாட்டி எழுத்தில் கேட்டிருப்பார்? 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவானபோதும் இதுதான் நடந்தது. அந்தத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்க முழுகும் ராமநாதபுரத்துப் பெண்கள், தாயும் பாட்டியும் முழுகிய அதே நீரில் திடீரென்று குற்றவாளிகள் ஆனார்கள். பட்டா இல்லாத கடலுக்கு அவர்கள் எந்தத் தாளைக் காட்டுவார்கள்?

அதிகாரம் கேள்வி இல்லாமல் ஒரே இடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. அது தேசியப் பூங்கா அல்ல. சித்தேரி மலையடிவாரத்து மலையாளி ஆதிவாசிகளின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தடுக்கிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் ஊருக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தோரு ஆண்டுகள். மரத்தைக் காக்க மூன்று துறைகள் ஒரே நாளில் ஊருக்குள் வந்துவிட்டன என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது முதுமலைக்குப் போகலாம். நீலகிரி நமக்கு அந்நிய மலை அல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் குடும்பம் அங்கே குடியேறியது. தோடர் உள்ளிட்ட மலைமக்களிடையே அவர் பணி செய்தார். 1891 டிசம்பர் 1 அன்று திராவிட மகாஜன சபையின் முதல் மாநாடு நடந்ததும் அந்த மலையில்தான். டிரெமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே ஆண்டு.

1940இல் முதுமலை சரணாலயமாயிற்று.  1990இல் அதில் 103 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா என்று குறிக்கப்பட்டது. 2007இல் புலிகள் காப்பகம். காட்டுநாயக்கர், பணியர், இருளர், முள்ளுக்குறும்பர் என்று அந்தக் காட்டின் பூர்வ மக்கள் உள்ளேயும் விளிம்பிலும் வாழ்கிறார்கள். யானை முகாமை நடத்துவதும் அவர்களின் கைதான். தெப்பக்காட்டுக் காட்டுநாயக்கர் தம்பதி பொம்மன், பெள்ளி வளர்த்த யானைக்குட்டியின் படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியதே! உலகமே கைதட்டியது. அந்த மக்களின் நிலவுரிமை எந்த நிலையில் இருக்கிறது என்று கைதட்டியவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு தேதியை மட்டும் சொல்கிறேன். வன உரிமைச் சட்டம் 2006 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31. தேசியப் பூங்காவும் சரணாலயமும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டவை. சட்டம் உயிர் பெற மூன்று நாள் இருக்கும்போது, டிசம்பர் 28 அன்று, முதுமலையின் 321 சதுர கிலோமீட்டரை முக்கியப் புலி வாழிடமாக அறிவித்து அரசாணை வந்தது. நாட்டின் பல மாநிலங்களில் அந்தக் கடைசி வாரத்தில் இதே அவசரம். முதலில் உரிமையை அங்கீகரித்து, கிராமசபையின் ஒப்புதலைப் பெற்று, அறிவியல் அடிப்படையில் எல்லை போட வேண்டும் என்று 2006இல் திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டமே சொல்லியிருந்தது. அந்த மூன்று நாளில் எந்த ஊரின் கிராமசபை கூடியிருக்க முடியும்?

அதன் பிறகும் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா கிடைக்கவில்லை. 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் போட்ட தடை, 2016இல் உச்சநீதிமன்றம் விலக்கும்வரை நின்றது. எட்டு ஆண்டுகள். 2019 பிப்ரவரி 13 அன்று, மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்சநீதிமன்றமே ஆணையிட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 28ஆம் தேதி நிறுத்திவைத்தது.

இதுவரை நான் சொன்னது ஆதிவாசிகளின் கதை. இதில் தலித்துகள் எங்கே என்று கேட்பீர்கள். கூடலூரில் இருக்கிறார்கள்.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்கள். பெரும்பான்மையினர் பறையர், பள்ளர், சக்கிலியர். ஒரு மனிதரைக்கூடக் கேட்காமல் இரண்டு அரசுகள் ஆள்கணக்குப் பேசி முடித்தன. கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் முத்திரை வாங்கி, அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968 முதல் வனத்துறையே காட்டைத் திருத்தித் தேயிலை நட்டது. பிறகு அது டேன்டீ என்ற அரசுக் கழகமாயிற்று. காட்டை வெட்டியதும் தேயிலை நட்டதும் இவர்களின் கை. ஆணை அரசின் கை. இன்னொரு பகுதியினர் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலங்களில், விற்கவே உரிமையில்லாதவர்களிடம் காசு கொடுத்துத் துண்டு நிலம் வாங்கிக் குடிசை போட்டார்கள். சுமார் 80,000 ஏக்கர் ஜென்ம நிலத்தை 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1974இல் அது நடைமுறைக்கு வந்தது. எது காடு, எது பட்டா என்ற வழக்கு அரை நூற்றாண்டாக நடந்துகொண்டே இருக்கிறது.

முதுமலைக்கு ஒட்டிய அந்தப் பகுதியில் ஒரு வயதான தோட்டத் தொழிலாளியைச் சந்தித்தேன். எழுபது தாண்டியவர். வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். "பெரியம்மா, வன உரிமைக்கு மனுப் போட்டீங்களா?" என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். மண்டபம் முத்திரை விழுந்த தாள். மடித்த இடமெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. "இத காட்டினேன் கண்ணு. இது பத்தாதாம். எழுபத்தஞ்சு வருசம் வேணுமாம்" என்றார்.

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் இருந்தால் போதும். பழங்குடிப் பட்டியலில் இல்லாத 'பிற பாரம்பரியக் காடுவாழ்வோர்' என்றால் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, தலைமுறைக்கு 25 ஆண்டு என்று 75 ஆண்டு காட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். அதாவது 1930க்கு முன்பிருந்து. 1930இல் அந்தப் பெரியம்மாவின் பாட்டன் கண்டியில் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தார். அவரை அங்கே கொண்டுபோனது ஓர் அரசு, இங்கே கொண்டுவந்தது இரண்டு அரசுகள். இப்போது 2022இல், டேன்டீ நட்டத்தில் ஓடுகிறது என்று 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பித் தர முடிவெடுத்தார்கள். தேயிலைக் காடு மறுபடியும் மழைக்காடாகட்டும், யானைக்கு வழி கிடைக்கட்டும். நல்லதுதான். ஆனால் அந்த லயன் வீடுகளில் இருப்பவர்கள் எந்த ஊருக்குத் 'தாயகம் திரும்ப' வேண்டும்?

சில ஆதிவாசித் தோழர்கள் இதில் என்னோடு உடன்பட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். கூடலூரில் வந்தேறிகள் எல்லாரும் சேர்ந்து எங்கள் காட்டை எடுத்தார்கள் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. அங்கே பெருந்தோட்ட முதலாளியும் வந்தேறிதான், கூலியும் வந்தேறிதான். ஆனால் வெளியேற்ற அறிவிப்பு முதலில் யார் கதவில் ஒட்டப்படுகிறது, யார் வழக்கறிஞர் வைத்து முப்பது வருடம் இழுக்கிறார் என்று பார்த்தால் இரண்டு வந்தேறியும் ஒன்றல்ல. ஆதிவாசிக்கும் மலையகத் தலித்துக்கும் இடையே சண்டை மூட்டுவது அந்த மலையில் மிக எளிது. பண்டிதர் தோடரிடம் போன வழி வேறு.

நடைமுறைக்கு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன், சட்டம் படிக்கும் மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள் என்பதால். வன உரிமை விதிகளில் 13ஆவது விதியைப் படியுங்கள். அரசு ஆவணம் மட்டும் சான்று அல்ல. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. பழைய கிணறு, இடுகாடு, கோயில், நட்ட மரம், போட்ட வரப்பு எல்லாம் சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருந்தால் கிராமசபை தீர்மானிக்கலாம். சுள்ளிப் பாதையைக்கூட எழுதலாம். டேன்டீயின் பெரியம்மாவுக்கு இது உதவாது; அவருக்குச் சட்டமே திருத்தப்பட வேண்டும், இல்லையேல் மாநில அரசு தனி ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் ஜவ்வாது மலையடிவாரத்திலும் சத்தியமங்கலத்திலும் மேகமலை ஓரத்திலும் காட்டை ஒட்டிய சேரிகள் இருக்கின்றன. அங்கே 1930ஐ நினைவு வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்கள் அப்பன் பாட்டன் சொன்னதை நாளை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் சொல்ல ஆள் இருக்காது.

இந்த மன்றம் ஆண்டுதோறும் ஒரு சிறுகதைப் பட்டறை நடத்துகிறது. இந்த ஆண்டு அதில் இரண்டு நாளை வாய்மொழிப் பதிவுக்கு ஒதுக்க முடியுமா என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பேருந்துச் செலவைப் பற்றித்தான் யோசிக்கிறார். உரை முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்போம். வர விரும்புகிறவர்கள் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள்.